பசி டானிக்கை வைத்துவிட்டு முதலில் பால் கணக்கைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு மூன்றரை வயது. எடை 14 கிலோ, உயரம் 96 செ.மீ. ஒரு வருடமாகக் காய்கறி எதையும் தொடுவதில்லை. கைபேசியில் வீடியோ ஓடினால்தான் வாய் திறக்கிறாள். ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் இழுக்கிறது. மருந்துக் கடையில் சொன்ன பசி டானிக்கைக் கொடுக்கிறோம். பாலில் ஊட்டச்சத்து பவுடர் கலந்து தினமும் மூன்று டம்ளர் தருகிறோம். அவளுக்கென்று தனிச் சமையல். இப்போது அவளைப் பார்த்து ஏழு வயது அண்ணனும் தட்டைத் தள்ளுகிறான். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகளின் எடையும் உயரமும் அவள் வயதுக்குச் சரியாகவே இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் இரண்டும் இயல்பான எல்லைக்குள் வருகின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் பயனில்லை. ஆறு மாதத்துக்கு முன் அவள் இருந்த கோட்டிலேயே இப்போதும் போகிறாளா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் ஒரு புள்ளி வைக்க ஒரு நிமிடம் போதும். எத்தனையோ மருத்துவமனைகளில் எடையைச் சீட்டின் ஓரத்தில் கிறுக்கிவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிடுகிறார்கள். பெற்றோர் கவலையோடு திரும்பிப் போகிறார்கள். அந்தக் கவலையை வைத்துத்தான் டானிக் வியாபாரமே நடக்கிறது.

பிறந்த எடை முதல் வருடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சி நிதானமாகும்போது பசியும் குறையும். புதிய உணவைக் கண்டு மிரள்வதும் இரண்டு முதல் ஆறு வயது வரை சகஜம்.

இப்போது பால் கணக்கு. மூன்று டம்ளர் என்றால் ஏறத்தாழ 600 மி.லி. கொழுப்பு நீக்காத பாலென்றால் அதிலேயே 400 கலோரி வரை வந்துவிடும். பவுடரும் சர்க்கரையும் சேர்ந்தால் 500ஐத் தொடும். இந்த வயதுக்கு ஒரு நாள் தேவையே 1,100, 1,200 கலோரிதான். பாதி வயிறு பாலால் நிறைந்த குழந்தை தட்டைத் தள்ளாமல் என்ன செய்யும்? போதாததற்கு, பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிகப் பால் மற்ற உணவிலிருந்து இரும்பு சேர்வதையும் தடுக்கும். மலச்சிக்கலும் வரலாம். மலச்சிக்கல் உள்ள குழந்தைக்குப் பசியும் எடுக்காது.

பசி டானிக் பலவற்றில் இருப்பது சைப்ரோஹெப்டடின். ஒவ்வாமைக்கான மருந்து அது. பசியைத் தூண்டுவது அதன் பக்கவிளைவு. தூக்கக் கலக்கம் தரும், நிறுத்தினால் பசி பழையபடி ஆகும். குறிப்பிட்ட சில நோய்களில் மருத்துவர் அளவு பார்த்துத் தருவது வேறு. ஆரோக்கியமான குழந்தைக்குக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். உங்கள் பாட்டில் லேபிளில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

பவுடர் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை வரிசையில்தான் அச்சிடுவார்கள். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ, மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் நீங்கள் காசு கொடுப்பது இனிப்புக்கு. ‘ஒரு கோப்பையில் இவ்வளவு புரதம்’ என்ற எண்ணில் பாலின் புரதத்தையும் சேர்த்துக் காட்டும் தந்திரமும் உண்டு. சிறு குழந்தைகளுக்கென்று தனியாக விற்கும் பால் மாவுகளுக்குச் சிறப்பான அவசியம் எதுவும் இல்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013லேயே சொல்லிவிட்டது. மூன்று வயது வரையிலான குழந்தைகளின் உணவுக்கு முறையற்ற விளம்பரம் கூடாதென்று 2016இல் உலக சுகாதாரப் பேரவை தீர்மானமே போட்டது. அரசுகள் அதைச் சட்டமாக்கி அமல்படுத்துவதற்குள் இன்னொரு தலைமுறை வளர்ந்துவிடும்போல. இப்போது வீடியோ போட்டுத் தாய்மார்களின் நம்பிக்கையைப் பெற்று, கடைசியில் தள்ளுபடிக் குறியீட்டோடு டப்பாவையோ கட்டண உணவுத் திட்டத்தையோ விற்பவர்களும் பெருகிவிட்டார்கள். ஆலோசனை சொல்பவருக்கே விற்பனையில் பங்கு இருந்தால் அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்த முறையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன்: என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு, சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு சிறு தீனி. நடுவில் தண்ணீர் மட்டும். எல்லோருக்கும் ஒரே சமையல், அதில் அவள் நிச்சயம் சாப்பிடும் ஒன்று இருக்கட்டும். காய்கறி பட்டாணி அளவு வைத்தால் போதும். முகர்ந்தாலும் நக்கினாலும் சரி, தொடவே இல்லை என்றாலும் பேசாமல் எடுத்துவிடுங்கள். ஒரு காய் பழகப் பத்துப் பதினைந்து தடவைகூட ஆகலாம். மூன்றாம் தடவையிலேயே பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரத்தில் தட்டை எடுங்கள். கைபேசி வேண்டாம், பெரியவர்களுக்கும் சேர்த்து. ‘இதைச் சாப்பிட்டால் இனிப்பு’ என்ற பேரமும் வேண்டாம். காய் தண்டனை, இனிப்பு பரிசு என்று அவள் மனதில் பதிந்துவிடும். முதல் வாரம் அழுகை கூடும், அதற்குத் தயாராக இருங்கள். மகன் விஷயத்தில் தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். தங்கையின் தட்டைப் பற்றிய பேச்சு நின்றாலே அவனுக்கு அதில் சுவாரசியம் போய்விடும்.

ஆனால் ஒரு வகைக் குழந்தைக்கு இந்த முறை போதாது. உங்கள் கடிதத்தில் அவள் எத்தனை வகை உணவு சாப்பிடுகிறாள் என்ற விவரம் இல்லை. அவள் வாயில் போடும் ஒவ்வொன்றையும் எழுதுங்கள். பட்டியல் இருபதுக்கும் குறைவாக இருந்து, மாதத்துக்கு மாதம் சுருங்கிக்கொண்டே போனால், விட்ட உணவுக்குத் திரும்பவே இல்லை என்றால், கொழகொழப்பாகவோ மொறுமொறுப்பாகவோ ஏதோ ஒரு பதத்தைப் பார்த்தாலே குமட்டினால், ஒரே நிறம் அல்லது ஒரே தயாரிப்பு மட்டும் என்று பிடித்துக்கொண்டால், அது பிடிவாதம் அல்ல. அப்படிப்பட்ட குழந்தை பசித்தாலும் சாப்பிடாது; பட்டினி போட்டால் நிலைமை மோசமாகும். உணவைத் தவிர்க்கும் இந்தக் கோளாறை 2013இல்தான் அமெரிக்க மனநல மருத்துவ சங்கம் தன் நோய்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்தது. எடை சரியாக இருக்கும் குழந்தைக்கும் இது வரலாம் என்பதால்தான் தவறவிடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அதிகம், இல்லாதவர்களிடமும் உண்டு. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று மருத்துவர் இரண்டு முறை திருப்பி அனுப்பினாலும் பட்டியலைக் காட்டி மூன்றாம் முறை கேளுங்கள். உணவூட்டல் பயிற்சி பெற்ற பேச்சு சிகிச்சையாளரோ செயல்வழி சிகிச்சையாளரோ (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) வேண்டும். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, காத்திருப்பும் நீளம். ஆகவே பெயரைச் சீக்கிரம் பதிவு செய்யுங்கள்.

இந்த வாரம் பவுடரை நிறுத்தி, பாலை இரண்டு டம்ளராகக் குறைத்து, உணவுக்குப் பிறகு கொடுங்கள். பாலே பிரதானமாக இருப்பதால் குழந்தை மருத்துவரிடம் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம்) இரண்டையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் மட்டும் போதும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இரும்பின் கையிருப்பு கரைவது ஃபெரிட்டினில்தான் முதலில் தெரியும்.