வி.ஏ. மறுத்த க்ளெய்முக்கு வெளி டாக்டரின் கடிதம்

அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய தமிழ் வாசகர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளுக்கு எங்கள் குழுவின் பதில்கள். வி.ஏ. என்பது முன்னாள் ராணுவத்தினர் நலனைப் பார்க்கும் அமெரிக்க அரசுத் துறை. க்ளெய்ம் என்பது பணியால் வந்த உடல், மனக் குறைபாட்டுக்கு அதனிடம் இழப்பீடு கேட்கும் விண்ணப்பம். அந்தக் குறைபாடு பணியால்தான் வந்தது என்று டாக்டர் எழுதித் தருவது நெக்சஸ் லெட்டர்.

கேள்வி: 2010-இல், வெளிநாட்டவரை மொழித் திறன் போன்ற தகுதிக்காகச் சேர்த்துக்கொண்ட மாவ்னி திட்டத்தில், தமிழ் தெரியும் என்ற தகுதியோடு ராணுவத்தில் சேர்ந்தேன். 2012-இல் லாரியிலிருந்து குதித்தபோது வலது முழங்கால் திருகிக்கொண்டது. முகாம் க்ளினிக்கில் ஒரே ஒரு தடவை காட்டினேன். 2014-இல் வெளியே வந்தேன். இப்போது எம்.ஆர்.ஐ.யில் தேய்மானம் தெரிகிறது. ஏழு மாதங்களுக்கு முன் வி.ஏ. என் க்ளெய்மை மறுத்துவிட்டது. "நெக்சஸ் லெட்டர் வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள். எங்கே தொடங்குவது? (டெக்சஸ் வாசகர்)

முதலில் காலண்டரைப் பாருங்கள். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் சப்ளிமென்டல் க்ளெய்ம் (புதிய சான்றோடு மறுபடி கேட்கும் விண்ணப்பம்) போட்டால் உங்கள் பழைய தேதி, அதாவது முதலில் க்ளெய்ம் போட்ட தேதி, காப்பாற்றப்படும். ஜெயித்தால் அந்தத் தேதியிலிருந்து பணம் வரும். உங்களுக்கு மிச்சம் ஐந்து மாதம். படிவம் 20-0995. 'ஹையர் லெவல் ரிவ்யூ' (மேல்நிலை மறுபரிசீலனை) என்ற 20-0996 படிவத்தைப் போட்டுவிடாதீர்கள். அதில் புதிய சான்று எதையும் பார்க்கமாட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய கடிதம் திறக்கப்படாமலே கிடக்கும்.

அடுத்து, மறுப்புக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள். வி.ஏ. மூன்றைக் கேட்கிறது: இப்போது ஒரு நோய் அல்லது குறைபாடு, பணிக்காலத்தில் நடந்த ஒரு சம்பவம், இரண்டையும் இணைக்கும் மருத்துவக் காரணம். எதையெதை ஏற்றுக்கொண்டார்கள் என்று அந்தக் கடிதத்திலேயே 'ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்' என்ற தலைப்பில் இருக்கும். முதல் இரண்டும் அங்கே இருந்து, இணைப்பு மட்டும் இல்லை என்றால் டாக்டர் கடிதம் உங்களுக்கு உதவும். லாரி சம்பவத்தையே அவர்கள் ஏற்கவில்லை என்றால் டாக்டரால் ஒன்றும் செய்ய முடியாது, அவர் அங்கே இருந்தவர் இல்லையே. அப்போது தேவைப்படுவது, கூட இருந்த சிப்பாய் 21-10210 படிவத்தில் எழுதும் வாக்குமூலம்.

மூன்றாவது வேலையைத்தான் பலர் தாண்டிப் போகிறார்கள். வி.ஏ. ஏற்பாடு செய்த சி அண்ட் பி பரிசோதனையின் (இழப்பீட்டைத் தீர்மானிக்க நடக்கும் மருத்துவப் பரிசோதனை) முழு அறிக்கையை வாங்குங்கள். மறுப்புக் கடிதத்தில் அதன் ஓரிரு வரிகள்தான் இருக்கும். பரிசோதகர் என்ன காரணம் சொன்னார் என்று தெரியாமல் அதற்குப் பதில் எழுத எந்த டாக்டராலும் முடியாது. படிவம் 20-10206 போட்டு முழு க்ளெய்ம் கோப்பையும் கேட்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். உங்களுக்கு அவகாசம் குறைவு என்பதால், அங்கீகாரம் பெற்ற வெட்டரன்ஸ் சர்வீஸ் அமைப்பு ஒன்றின் பிரதிநிதிக்குப் பவர் ஆஃப் அட்டர்னி கொடுங்கள். அவரால் கணினியிலேயே கோப்பைப் பார்க்க முடியும். அந்த அமைப்புகள் இதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.

உங்கள் விஷயத்தில் பரிசோதகர் எழுதியிருக்கக்கூடியது இதுதான்: "ஒரு முறை ஏற்பட்ட சுளுக்கு, ஆறிவிட்டது, பிறகு பல வருடம் சிகிச்சை இல்லை, இப்போதைய தேய்மானம் வயதால் வந்தது." இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத கடிதம் வீண். அதனால் 2014-க்குப் பிறகான இடைவெளியை நிரப்புவது உங்கள் பொறுப்பு. குடும்ப டாக்டரின் பழைய குறிப்புகளில் 'முட்டி வலி' என்று ஒரு வரி இருந்தாலும் எடுத்து வையுங்கள். பிசியோதெரபி ரசீது, மாடிப்படி ஏறத் தவிப்பதைப் பார்த்த மனைவியின் வாக்குமூலம் எல்லாம் சேரும். பதிவேடு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக உங்கள் சொல்லைத் தள்ளக்கூடாது என்று 2006-இல் புக்கானன் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

டாக்டரிடம் கொண்டுபோக வேண்டிய கட்டு: சேரும்போதும் வெளியேறும்போதும் நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாள்கள், 2012 க்ளினிக் குறிப்பு, எம்.ஆர்.ஐ., சி அண்ட் பி அறிக்கை, மறுப்புக் கடிதம், வாக்குமூலங்கள், மேலே ஒரே பக்கத்தில் தேதிவாரிச் சுருக்கம். கல்லூரி நாளில் அதே முட்டியில் அடிபட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். தவறான தகவலின் மேல் எழுந்த கருத்துக்கு மதிப்பே இல்லை என்பது 1993-இல் ரியோனல் வழக்கில் முடிவான விஷயம். மறைத்த ஒன்று வி.ஏ. கோப்பில் இருந்தால் கடிதம் முழுவதும் அதோடு போய்விடும்.

யாரிடம் கேட்பது? உங்கள் முட்டியைப் பார்த்துவரும் எலும்பு சிகிச்சை நிபுணரிடம் முதலில் கேளுங்கள். அவர் மறுத்தால் வேறொரு எலும்பு நிபுணர், அல்லது மறுவாழ்வு மருத்துவ நிபுணர். நெடுநாள் பார்த்தவர் என்பதற்காக மட்டும் வி.ஏ. தனி மதிப்பு தருவதில்லை. துறையும், காரணம் சொல்லும் விதமும்தான் எடைபோடப்படும்.

கடிதம் போன பிறகு வி.ஏ. இன்னொரு பரிசோதனைக்குக் கூப்பிடலாம். "என் டாக்டர்தான் எழுதிவிட்டாரே" என்று போகாமல் இருந்துவிடாதீர்கள். தக்க காரணமில்லாமல் தவறவிட்டால் அதுவே மறுப்புக்கு வழியாகும். இரண்டு கருத்துகளும் சரிசமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் உங்களுக்கே.

கேள்வி: நான் எலும்பு சிகிச்சை நிபுணர். முன்னாள் ராணுவ வீரரான நண்பருக்குக் கடிதம் எழுதித்தரச் சம்மதித்திருக்கிறேன். எப்படி எழுதினால் செல்லும்? (மிச்சிகன் வாசகர்)

உங்களைப் போன்றவர்கள் முன்வருவது பெரிய உதவி டாக்டர். நல்ல மனதோடு எழுதிய எத்தனையோ கடிதங்கள் ஒரே ஒரு வார்த்தையால் வீணாகின்றன. "மே பி ரிலேட்டட்", "குட் பி", "பாசிபிளி" என்று எழுதினால் வி.ஏ. அதை ஊகம் என்று ஒதுக்கிவிடும். வேண்டிய சொற்றொடர் "அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நாட்". அதாவது 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் வாய்ப்பு. மருத்துவ உலகில் நாம் பழகிய 95 சதவீத நிச்சயத்தை இங்கே யாரும் கேட்கவில்லை. அப்படி நிச்சயமாகத் தெரியாதே என்று தயங்கித்தான் பல டாக்டர்கள் 'மே பி' போடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சொற்றொடரை மட்டும் ஒட்டினால் போதாது. 2008-இல் நியெவெஸ்-ரோட்ரிகஸ் வழக்கில் நீதிமன்றம் சொன்னது: கருத்தின் எடை அதற்குச் சொல்லப்படும் காரணத்தில் இருக்கிறது, கோப்பைப் புரட்டினேன் என்பதால் மட்டும் எடை கூடாது. ஆகவே கடிதம் இரண்டு பக்கம் போதும், இந்த ஓட்டத்தில் இருக்கட்டும்: நீங்கள் யார், என்ன துறை, எந்தெந்த ஆவணத்தை, என்ன தேதியிட்டதை, படித்தீர்கள், இப்போதைய நோய் என்ன, பணிக்காலத்தில் என்ன நடந்தது, உங்கள் கருத்து, அதற்கான காரணம். காரணத்துக்குப் பாதிக் கடிதத்தைக் கொடுங்கள். உதாரணமாக: "2012 குறிப்பில் மெனிஸ்கஸ் கிழிசலுக்கான அறிகுறிகள் பதிவாகியுள்ளன. கிழிந்த மெனிஸ்கஸ் சுமையைப் பரப்பும் திறனை இழப்பதால் அந்தப் பக்கத்துக் குருத்தெலும்பு வருடக்கணக்கில் தேய்கிறது. இவருக்குத் தேய்மானம் அடிபட்ட காலில், அந்தப் பக்கத்தில் மட்டும் உள்ளது. வயதே காரணம் என்றால் இடது முட்டியிலும் எதிர்பார்க்கலாம்." இப்படி அந்த ஆளின் உடம்பைப் பற்றிப் பேசுங்கள். ஆய்வுக் கட்டுரை சேர்ப்பதானால் ஒன்றிரண்டு போதும், அது இவருக்கு எப்படிப் பொருந்துகிறது என்ற வரியோடு. சி அண்ட் பி பரிசோதகரின் வாதத்தை எடுத்துச் சொல்லி, ஏன் உடன்படவில்லை என்றும் எழுதுங்கள். கையெழுத்து, லைசென்ஸ் எண், தேதி, பின்னால் உங்கள் தகுதிக் குறிப்பு.

ஒரு குறைபாட்டால் இன்னொன்று வந்தது என்ற வகை க்ளெய்ம் என்றால் (வலது முட்டியால் இடது இடுப்பு போனது மாதிரி) இரண்டு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் வேண்டும்: அதனால் உண்டானதா? இல்லையென்றால், அதனால் மோசமானதா? இரண்டாவதை மறந்துவிட்ட கடிதங்கள் அதிகம். மோசமானது என்றால், அதற்கு முன் இருந்த நிலையை ஆவணத்திலிருந்து காட்டுங்கள்.

ரேட்டிங் (குறைபாட்டுக்கு வி.ஏ. தரும் சதவீதம்) எவ்வளவு என்பது வேறு விஷயம். அதற்கு, குறைபாட்டின் கடுமையை டாக்டர் குறித்துத் தரும் வி.ஏ.யின் டி.பி.க்யூ. படிவம் இருக்கிறது. முட்டி மடங்கும் கோணத்தைக் கோனியோமீட்டர் வைத்து டிகிரியில் குறியுங்கள், கண்ணால் மதிப்பிடாதீர்கள். மடங்குவது 45 டிகிரியோடு நின்றால் 10 சதவீதம், 30-உடன் நின்றால் 20. திரும்பத் திரும்ப மடக்கிய பிறகு எவ்வளவு குறைகிறது, வலி கூடும் நாட்களில் எவ்வளவு என்பதும் அவசியம்.

படித்துப் பார்த்தபின் தொடர்பு இல்லை என்று தோன்றினால் நண்பரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அரைமனதுக் கடிதம் அவர் கோப்பிலேயே தங்கிவிடும். நீங்கள் மருத்துவமனை ஊழியர் என்றால், வெளிக் கடிதம் எழுத அனுமதி உண்டா, காப்பீடு பொருந்துமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் 2012-இல் ஆப்கானிஸ்தானில், பக்ராமில் இருந்தார். 2017-இல் ஆஸ்துமா என்று தெரிந்தது. இதுவரை க்ளெய்ம் போடவில்லை. ஒரு நிறுவனம் டாக்டர் கடிதத்துக்குத் தனியாகவும், வரும் பணத்தில் ஒரு பங்கும் கேட்கிறது. கொடுக்கலாமா? (நியூ ஜெர்சி வாசகி)

கொடுக்க வேண்டாம் அம்மா. உங்களுக்கு அந்தக் கடிதமே தேவையில்லை. பணியில் நச்சுப் பொருள்களுக்கு ஆளானவர்களுக்காக 2022 ஆகஸ்ட் 10-இல் கையெழுத்தான பாக்ட் சட்டப்படி, 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு ஆப்கானிஸ்தானில் இருந்தவருக்குப் பணிக்குப் பின் கண்டறியப்பட்ட ஆஸ்துமா, பணியால் வந்ததாகவே கொள்ளப்படும். அங்கே இருந்ததற்கான பதிவும், நோய் கண்டறிந்த மருத்துவக் குறிப்பும் போதும். இன்றே 21-0966 படிவத்தில் 'இன்டென்ட் டு ஃபைல்' (க்ளெய்ம் போடப்போகிறேன் என்ற முன்னறிவிப்பு) போட்டுத் தேதியைப் பிடித்துவிடுங்கள். முழு க்ளெய்மை (21-526ஈஇசட்) அனுப்ப ஒரு வருடம் அவகாசம் கிடைக்கும். தினமும் இன்ஹேலர் எடுக்கிறார் என்றால் மருந்துக் கடைப் பதிவை இணையுங்கள். இப்போதைய அட்டவணையில் தினசரி இன்ஹேலருக்கே 30 சதவீதம் உண்டு.

பங்கு கேட்பது பற்றி: முதல் க்ளெய்மைத் தயாரித்துக் கொடுக்க யாரும் கட்டணம் வாங்க வி.ஏ. சட்டத்தில் இடமில்லை. முதல் முடிவு வந்த பிறகு, அங்கீகாரம் பெற்ற வக்கீலோ ஏஜென்டோ வாங்கலாம். நிலுவைத் தொகையில் 20 சதவீதம் வரை நியாயம் என்று கொள்ளப்படும். டாக்டர் தன் நேரத்துக்கு ஒரே தொகையாக வாங்குவது தவறில்லை. ஜெயித்தால் பங்கு என்று பேசும் டாக்டரின் கருத்து, அந்த ஒப்பந்தத்தாலேயே நம்பிக்கை இழக்கிறது.

கேள்வி: போர்முனையில் ராக்கெட் தாக்குதலுக்குப் பயந்து கழித்த இரவுகளால் பி.டி.எஸ்.டி. (அதிர்ச்சிக்குப் பின் வரும் மன அழுத்த நோய்) வந்ததாக என் தனியார் சைக்காலஜிஸ்ட் எழுதித் தந்திருக்கிறார். வி.ஏ. மறுபடி பரிசோதிக்கக் கூப்பிடுவது ஏன்? (வர்ஜீனியா வாசகர்)

எதிரித் தாக்குதல் பயத்தையே காரணமாகக் காட்டும்போது சம்பவத்துக்குத் தனி ஆதாரம் கேட்காமல் உங்கள் சொல்லை ஏற்கும் சலுகை ஒன்று இருக்கிறது. அதற்கு வி.ஏ.யின் அல்லது அதன் ஒப்பந்த சைக்காலஜிஸ்ட், சைக்யாட்ரிஸ்ட் உறுதிசெய்ய வேண்டும் என்று விதி. அவசியம் போய்வாருங்கள். உங்கள் சைக்காலஜிஸ்ட்டின் குறிப்புகளை முன்பே கோப்பில் சேர்த்துவிடுங்கள். எவ்வளவு காலமாக, எவ்வளவு கடுமையாக என்பதை அவைதான் காட்டும்.

கேள்வி: கோயம்புத்தூர் திரும்பிவிட்டேன். பீரங்கிப் பிரிவில் இருந்ததால் காது கேட்பது குறைந்துவிட்டது. இங்குள்ள காது மூக்கு தொண்டை டாக்டர் எழுதினால் வி.ஏ. ஏற்குமா?

காரணத் தொடர்பு பற்றிய கடிதத்தை அவர் எழுதலாம். வெளிநாட்டு டாக்டர் என்பதால் தள்ளமாட்டார்கள். ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில், பதிவு எண்ணோடு இருக்கட்டும். வெளியேறும்போது செவித்திறன் சோதனை சரியாக இருந்தது என்பது மட்டும் க்ளெய்மை முறிக்காது என்று 1993 ஹென்ஸ்லி வழக்கு சொல்கிறது. சேரும்போதும் வெளியேறும்போதும் எடுத்த ஆடியோகிராம்களை அவர் ஒப்பிட்டு எழுதினால் வலு கூடும்.

ரேட்டிங்குக்கான சோதனை வேறு. அதில் தொனிச் சோதனையோடு (எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று பார்ப்பது) மேரிலாண்ட் சி.என்.சி. என்ற ஆங்கிலச் சொற்பட்டியல் சோதனையும் விதிப்படி வேண்டும், காது கேட்கும் கருவி மாட்டாமல். மொழிச் சிக்கலால் சொல் சோதனை பொருந்தாது என்று பரிசோதகர் சான்று தந்தால், தொனிச் சோதனையை மட்டும் வைத்துக் கணக்கிடும் தனி அட்டவணை உண்டு. வெளிநாட்டிலேயே பரிசோதனைக்கு வி.ஏ. ஏற்பாடு செய்யும், ஆகவே முகவரியையும் தொலைபேசி எண்ணையும் சரியாகப் பதிந்து வையுங்கள். க்ளெய்ம் ஏற்கப்பட்டுவிட்டால், அந்தக் குறைபாட்டுக்குக் கோவையில் செய்துகொள்ளும் சிகிச்சைச் செலவை ஃபாரின் மெடிக்கல் ப்ரோக்ராம் என்ற வி.ஏ. திட்டத்தின் வழியாகக் கேட்கலாம். அதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும்.