மாடு வாங்கும் மாதமும் தவணை கட்டும் மாதமும்: சித்தூர் வட்டத்தார் கேள்விகளுக்கு பதில்கள்

கூட்டுறவு வங்கியின் விவசாயக் கடன் பிரிவில் பல காலம் பணிபுரிந்துவிட்டு, இப்போது மூன்று கறவை மாடுகளோடு வீட்டில் இருப்பவன் என்ற அளவில், பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு பதில் எழுதுகிறேன். மாட்டின் நோய் பற்றிக் கேட்டவர்கள் கால்நடை மருத்துவரை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறேன். அது என் துறையன்று.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: இரண்டு பசுக்களுக்குக் கடன் அனுமதியாகியிருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடலாமா?

வேண்டாம். நல்ல பசு ஓர் ஈத்தில் ஏறக்குறைய 305 நாள் கறக்கும். அடுத்த கன்றுக்கு முன் 60 நாளாவது வற்ற விட வேண்டும். இரண்டும் ஒரே மாதத்தில் ஈன்றால் இரண்டும் ஒரே மாதத்தில் வற்றும், தவணை மட்டும் வற்றாது. ஆகவே ஒன்றை இப்போதும் மற்றதை ஆறேழு மாதம் கழித்தும் வாங்குங்கள். இப்படி இரண்டு கட்டமாகக் கடன் தருவது வங்கிகளுக்குப் புதிதன்று. மேலாளரிடம் இப்போதே சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் மாடு ஆனி, ஆடியில் ஈனுவதாக இருப்பது நல்லது. தென்மேற்குப் பருவமழையில் வரப்பெல்லாம் புல் நிற்கும். ஈன்ற ஆறாவது, எட்டாவது வாரத்தில் வரும் உச்சக் கறவை, ஓணத்துக்காகப் பால் தேடி அலையும் ஆவணியை ஒட்டி விழும். இரண்டாவது மாடு தை, மாசியில் ஈனட்டும்; அப்போது இரண்டாம் போக வைக்கோல் நன்றாகக் காய்ந்து மலிவாகக் கிடைக்கும். முதல் போக வைக்கோல் புரட்டாசி, ஐப்பசி மழையில் நனைந்து பூஞ்சை பிடிப்பது வழக்கம். விலை குறைவென்று அதை வாங்கிப் போர் போடாதீர்கள்.

சினைக்காலம் சுமார் 280 நாள். புரட்டாசியில் சினை ஊசி போட்டால் ஆனிக் கடைசியிலோ ஆடியிலோ கன்று விழும். ஆனால் நன்றாகப் பராமரித்தாலும் ஈத்து இடைவெளி 13, 14 மாதமாகிவிடுவதால் இந்தக் கணக்கு ஆண்டுதோறும் ஒன்றிரண்டு மாதம் நகர்ந்துகொண்டே போகும். மாதத்தைப் பிடித்து வைக்க முடியாது. இரண்டு மாடுகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பிடித்து வைக்கலாம்.

ஓர் எச்சரிக்கை: ஒரு வேளைக் கறவையைப் பார்த்து விலை பேசாதீர்கள். முந்தைய வேளை கறக்காமல் மடியைப் பெருக்க வைத்து விற்பது பழைய தந்திரம். தொடர்ந்து மூன்று வேளை எதிரில் கறக்கச் சொல்லுங்கள்.

எருத்தேம்பதி வாசகர்: விவசாயக் கடன் அட்டையில் வாங்கியதை மார்ச் 31க்குள் கட்டியே ஆக வேண்டுமா?

எல்லோருக்கும் மார்ச் 31 என்பதில்லை. பயிர் அறுத்து விற்கும் காலத்தை வைத்தே கெடு குறிக்கப்படுகிறது. உங்கள் அனுமதிக் கடிதத்தைப் பாருங்கள். வட்டி 7 விழுக்காடு. கெடுவுக்குள், அதிகபட்சம் ஓராண்டுக்குள் கட்டினால் 3 விழுக்காடு ஊக்கச் சலுகை கிடைத்து 4 ஆகிறது. ஒரு நாள் தவறினாலும் அந்த 3 போய்விடும்.

வேலந்தாவளம் வாசகர்: மார்ச் மாதத்துக்குள் கட்டாவிட்டால் சலுகை போய்விடுமா?

மேலே இருக்கிறது.

பெருமாட்டி வாசகர்: மேட (சித்திரை) மாதத்தில்தான் மாடு மலிவு. என் தகப்பனார் எப்போதும் அப்போதே வாங்குவார். நீங்கள் மழைக்காலத்தைச் சொல்வது வசதியுள்ளவர்களுக்கு மட்டும் பொருந்தும்.

கோடையில் விலை இறங்கும் என்பது மெய். தண்ணீரும் தீவனமும் இல்லாதவர்கள் விற்கிறார்கள் என்பதால்தான் இறங்குகிறது. அதே தண்ணீரும் தீவனமும் உங்களிடம் இருக்கின்றனவா? மழைக்காலத்தைவிட 8,000 ரூபாய் குறைத்து வாங்கியதாக வைத்துக்கொள்வோம். புல் முளைக்கும்வரை 60 நாள், தீவனத்துக்கு நாளொன்றுக்கு 150 ரூபாய் கூடுதலாக ஆனால் 9,000 ஆயிற்று. வெயிலில் கறவை குறைவதையும் முதல் தவணை அதற்குள் வந்து நிற்பதையும் நான் இன்னும் சேர்க்கவில்லை. உங்கள் தகப்பனார் கைப்பணத்தில் வாங்கியிருப்பார்; தவணை இல்லாதவர் பொறுத்திருக்கலாம்.

வடகரப்பதி வாசகி: பெருமாட்டிக்காரருக்கு வாய்க்கால் இருக்கிறது, பேசலாம். எங்கள் பக்கம் ஆழ்குழாய்க் கிணறும் கோடையில் காற்றுத்தான் விடும். போன கோடையில் மலிவாக வாங்கிய மாட்டை ஆனியில் விற்றுக் கடனை அடைத்தோம்.

அம்மா, நான் சொல்ல வந்ததை நீங்கள் பட்டுச் சொல்லியிருக்கிறீர்கள்.

பெருமாட்டி வாசகர் (மீண்டும்): சினை மாட்டை மேடத்தில் வாங்கி ஆடியில் ஈன வைத்தால்?

இது நியாயமான வாதம், ஒப்புக்கொள்கிறேன். ஆறேழு மாதச் சினையை மருத்துவரிடம் உறுதிசெய்து வாங்கி, மாசியிலேயே வைக்கோல் போர் போட்டு வைத்திருந்து, முதல் தவணை ஈன்ற பிறகே தொடங்கும்படி வங்கியிடம் எழுத்தில் வாங்கினால், உங்கள் தகப்பனார் வழியே சிறந்த வழி. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் என் பழைய பதில்தான்.

பட்டஞ்சேரி வாசகர்: மாட்டுக் கடனை நெல் விற்ற பணத்தில் மொத்தமாக அடைத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

நான் கண்ட கடன் முறிவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் தொடங்கின. நம் இரண்டாம் போகம் ஆழியாற்றுத் தண்ணீரை நம்பியது. தமிழகத்தோடு கேரளம் செய்த பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. நமக்குரியது என்றாலும், அது வரும் வாரம் தள்ளிப்போனால் நடவும் அறுப்பும் தள்ளிப்போகின்றன. நெல்லை அளந்து கொடுத்த பின்பும் பணம் கைக்கு வர நாளாகலாம். பால் பணமோ சில நாளுக்கொரு முறை வருகிறது. பால் சங்கத்திலேயே பிடித்தம் செய்து மாட்டுத் தவணைக்குக் கொடுங்கள். நெல் பணம் நெல் கடனுக்கு. நெல் கடனின் கெடுவை அறுப்பு முடிந்து இரண்டு மாதம் தள்ளிக் கேளுங்கள்.

முதலமடை வாசகி: பக்ரீத்துக்கு விற்க ஆட்டுக்குட்டி எந்தத் தமிழ் மாதத்தில் வாங்குவது?

தமிழ் மாதத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள், அம்மா. அந்தப் பண்டிகை ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே வந்துகொண்டிருக்கும்; அதிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

நல்லேப்பிள்ளி வாசகர்: மார்ச்சில் நகைக் கடனைப் புதுக்க வெளியில் வட்டிக்கு வாங்கலாமா?

மார்ச் பற்றி இது மூன்றாவது கேள்வி. புதுக்குவதற்கென்று வெளியே வாங்கும் பணத்தின் வட்டி, நகைக் கடனில் மிச்சமாகும் வட்டியை விழுங்கிவிடும். வற்றிய மாடோ ஆட்டுக்கிடாயோ இருந்தால் அதை விற்றுப் புதுக்குங்கள்.

மீனாட்சிபுரம் வாசகர்: பொள்ளாச்சி மாட்டுச் சந்தை எந்தெந்த நாள்?

செவ்வாயும் வியாழனும். வாங்கியதும் எல்லைச் சாவடிக்கு வேண்டிய மருத்துவச் சான்றைக் கையில் வையுங்கள். காப்பீட்டு வில்லையைக் காதில் மாட்டாமல் ஓட்டிவராதீர்கள். சந்தையில் மூன்று வேளைக் கறவை பார்க்க முடியாது என்று அடுத்து எழுதப்போகிறீர்கள். விற்பவரின் ஊரைக் கேட்டு, அவர் வீட்டுக்குப் போய் ஒரு நாள் தங்குங்கள்.