எண் கணிதம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: 123456789-ஐ 9-ஆல் வகுத்தால் 13717421 கிடைக்கிறது. அதை 97 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன்; மீதி வந்துகொண்டே இருக்கிறது. இது பகா எண்தானா?

பதில்: இல்லை. 13717421-இன் வர்க்கமூலம் 3703-க்குச் சற்று மேலே. அதுவரை வகுத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் இன்னும் ஏறக்குறைய ஐந்நூறு பகா எண்கள் காத்திருக்கின்றன. அவ்வளவு பாடு தேவையில்லை. 17-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா கையாண்ட வழி இருக்கிறது: எண்ணை இரு வர்க்கங்களின் வித்தியாசமாக எழுதிவிட்டால் காரணிகள் தாமே வெளிப்படும்.

வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண் 3704. அதன் வர்க்கம் 13719616. நம் எண்ணைக் கழித்தால் 2195. இது முழு வர்க்கமா? 5-இல் முடியும் வர்க்கம் 25-இல்தான் முடியும், 95-இல் முடியாது. விட்டுவிடலாம். அடுத்து 3705. வர்க்கம் 13727025, கழித்தால் 9604. இது 98-இன் வர்க்கம்! ஆகவே காரணிகள் 3705 − 98 = 3607, 3705 + 98 = 3803. இரண்டே படி.

நீங்கள் பட்ட பாடும் வீண்போகவில்லை. 13717421-க்கு 97 வரை பகாக் காரணி இல்லையென்றால் 3607-க்கும் 3803-க்கும் இருக்க முடியாது. இவற்றின் வர்க்கமூலங்கள் 62-க்கும் கீழே. எனவே இரண்டும் பகா எண்களே என்பது உங்கள் கணக்கிலேயே உறுதியாகிவிட்டது.

ஆக, 123456789 = 3² × 3607 × 3803. அடுக்குகளோடு ஒன்றொன்று கூட்டிப் பெருக்கினால் 3 × 2 × 2, அதாவது 12 வகுத்திகள்.

கேள்வி: இதே இலக்கங்களை இடம் மாற்றி ஒரு பகா எண் அமைக்க முடியுமா? 987654321-க்கும் இதற்கும் பொதுக் காரணி என்ன?

பதில்: முடியாது. எப்படி மாற்றினாலும் இலக்கங்களின் கூட்டல் 45. 9-ஆல் வகுபட்டே தீரும். 987654321-ஐ 123456789-ஆல் வகுத்தால் ஈவு 8, மீதி 9. அந்த 9 இரண்டையும் வகுப்பதால் மீப்பெரு பொதுக் காரணியும் 9-தான்.

கேள்வி: ஃபெர்மாவின் வழி எல்லாப் பெரிய எண்ணுக்கும் இவ்வளவு வேகமாக வேலை செய்யுமா?

பதில்: செய்யாது. காரணிகள் இரண்டும் வர்க்கமூலத்துக்கு அருகில் இருந்தால்தான் வேகம். 2³² + 1, அதாவது 4294967297-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பகா எண் என்றே ஃபெர்மா நம்பியிருந்தார். 1732-இல் சுவிஸ் கணித அறிஞர் ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்துக் காட்டினார். காரணிகள் வெகுதூரம் விலகியிருப்பதால் வர்க்க வித்தியாச முறையில் 65537-இல் தொடங்கி 3350529 வரை போக வேண்டும். 32 லட்சத்துக்கும் அதிகமான படிகள். இங்கே உதவுவது வேறொரு பண்பு, அதுவும் ஆய்லர் நிறுவியதே: இந்த எண்ணின் பகாக் காரணி எதுவும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்களை வரிசையாக எடுங்கள்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவதில் மீதியின்றி வகுபடும்.