கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஏன் ஒரு பெரிய தீம் பார்க் கூட இல்லை?

கேட்டவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவர் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் பிள்ளைகள் பிடுங்குகிறார்கள், சரிதானே? இதற்குப் பலரும் "புயல் அடிக்கிற ஊர், அதான்" என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து ராட்டினத் தொழில். அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

புயல் இல்லை என்று சொல்ல வரவில்லை. 2011 டிசம்பரில் 'தானே' புயல், 2024 நவம்பர் கடைசியில் 'ஃபெஞ்சல்' புயல். உப்புக்காற்று போல்ட்டைத் தின்றுவிடும். கரையோரம் கட்ட கடலோர ஒழுங்குமுறை விதிகள் வேறு. ஆனால் சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் எம்ஜிஎம் தீம் பார்க் இருப்பதும் இதே வங்கக்கடல் ஓரம்தானே? 1992இல் டிஸ்னி ஐரோப்பாவுக்கு வந்தபோது, வெயில் அடிக்கிற ஸ்பெயினை விட்டுவிட்டு மழையும் குளிருமான பாரிஸ் பக்கம் போனார்கள். சில மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய ஜனம் அங்கேதான் அதிகம்.

பார்க் ஓட, செவ்வாய்க்கிழமை மதியத்துக்கும் ஆள் வேண்டும். சென்னை மாநகரப் பகுதியில் 2011 கணக்குப்படியே 86 லட்சம் பேர். "கடலூர் மாவட்டத்திலும் 26 லட்சம் பேர் இருக்கிறார்களே" என்று யாராவது சண்டைக்கு வருவீர்கள். இருக்கிறார்கள், காட்டுமன்னார்கோவில் முதல் பண்ருட்டி வரை சிதறி. நெல், கரும்பு, முந்திரி, மீன் என்று பிழைப்பவர்களுக்கு மாதச் சம்பளம் ஏது? பார்க்குகளுக்குப் பள்ளி லீவுதான் சீசன். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். அந்த நேரத்தில் தலைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து யார் உள்ளே போவார்கள்? வசதி இருக்கிறவர்கள் காரெடுத்தால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் சென்னைப் பக்கம் இள்ளலூரில் இருக்கிற வொண்டர்லா தீம் பார்க்குக்கே போய்விடலாம்.

அதனால் இங்கே ராட்டினம்தான் லாரி ஏறி ஆள் இருக்கிற இடத்துக்குப் போகும். தை 5 ஆற்றுத் திருவிழாவுக்குப் பெண்ணையாறு, மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம், ஆடித் தேருக்கு வீராம்பட்டினம். மணலில் அப்படியே நிறுத்திவிட முடியாது. ஈர மண் வரும்வரை தோண்டி, ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, ரசமட்டம் வைத்துப் பார்த்த பிறகுதான் கால் நடுவோம். ஆள் ஏற்றுவதிலும் கணக்கு உண்டு. ஒரு தொட்டியில் நாலு பேர் உட்கார்ந்தால் நேரெதிர்த் தொட்டியிலும் அதே பாரம் வரவேண்டும், இல்லையென்றால் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். ஒரு கல்யாணக் கோஷ்டி மொத்தமாக ஏறி "ஏன்யா எங்களைப் பிரிச்சுப் பிரிச்சு உக்கார வைக்கிற?" என்று அப்பாவிடம் மல்லுக்கட்டியது. அவர் அசையவில்லை. பட்டுப்புடவைக்காரம்மா ஒருத்தரை எதிர்த் தொட்டிக்கு மாற்றிய பிறகுதான் மோட்டார் சுவிட்சில் கை வைத்தார். "ஊர் ராட்டினம் ஆபத்து" என்று பொத்தாம்பொதுவாக எழுதுகிறவர்கள் ஒரு நாள் வந்து, ராட்டினத்தைக் கோக்கிற இரும்புப் 'பின்'னை அடித்துப் பார்க்கட்டும். அசட்டையாக ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அவர்களால்தான் எங்களுக்கும் கெட்ட பெயர்.

"புதுச்சேரியில்தான் சனி ஞாயிறு அவ்வளவு கூட்டமே" என்பீர்கள். அந்தக் கூட்டம் எதற்கு வருகிறது என்று உங்களுக்கே தெரியும். அவர்கள் கார் வரிசையில் மரப்பாலம் சிக்னலில் மாட்டிக்கொண்டு, கடலூரிலிருந்து ஜிப்மருக்கு நோயாளியைக் கூட்டிப்போகிற எங்கள் ஆட்கள் படுகிற பாடு இருக்கிறதே! ஒரு மேம்பாலம் கேட்டுக் கேட்டு வாய் வலிக்கிறது. சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை, விடுங்கள்.

பிள்ளைகளுக்காகக் கேட்டிருந்தால் தை 5 அன்று பெண்ணையாற்றுக்குக் கூட்டிவாருங்கள். நாலு மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்கு மேல் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.