நரிக்குப் பக்கத்தில் - கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள் நடத்தும் நரி வேட்டையில், அதாவது 'நரி' என்று ஒளித்துவைத்த டிரான்ஸ்மிட்டரை அதன் சிக்னலை வைத்துத் தேடிப் பிடிக்கும் போட்டியில், நானும் கலந்துகொள்கிறேன். டிரான்ஸ்மிட்டர் இருக்கும் பகுதிக்கு எல்லோருக்கும் முன்பே போய்விடுகிறேன். ஆனால் கடைசி நூறு மீட்டரில் யாகி என்ற திசை ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினாலும் சிக்னல் மீட்டர் முழுசாக நிற்கிறது. நான் அங்கேயே சுற்ற, பின்னால் வந்தவர்கள் எடுத்துவிடுகிறார்கள். திசையைத் தானே காட்டும் டாப்ளர் கருவி வாங்கலாமா? சிக்னல் பட்டுச் சிதறட்டும் என்று ஒளிப்பவர் வேண்டுமென்றே இரும்பு வேலி ஓரமாக வைப்பது நியாயமா? வீட்டிலோ இது சிறுபிள்ளை விளையாட்டு என்று கேலி.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கேலியை விடுங்கள். 1980-லேயே போலந்தில் இதற்கு உலகப் போட்டி நடந்தாயிற்று. ஒளிப்பவர் வேலை ஒளிப்பது. வேலியைப் பற்றி என்னிடம் புலம்ப வேண்டாம்.

டாப்ளர் என்றீர்களே, அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கருவி வாங்குகிறவர்கள் எல்லோரும் இன்னும் அதிகமாகக் கேட்கத்தான் வாங்குகிறார்கள். குறைத்துக் கேட்க ஒருவரும் காசு எடுப்பதில்லை.

எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் 80 மீட்டர் அலைவரிசைப் போட்டிக்கு வளைய ஆன்டெனாவோடு வருவார். சத்தம் அதிகமாகும் திசையை அவர் தேடியதே இல்லை. அந்த உச்சத்திலிருந்து முப்பது டிகிரி திருப்பினாலும் காதுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. சிக்னல் அடங்கும் திசையோ சில டிகிரிக்குள் பட்டென்று பிடிபடும். கண்ணை மூடி, ஹெட்போனை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வளையத்தை இம்மி இம்மியாகத் திருப்புவார். அடங்கியதும் வரைபடத்தில் ஒரு கோடு. நரி முன்னாலா பின்னாலா என்பதைப் பக்கத்திலிருக்கும் சின்னக் கம்பி ஆன்டெனாவை இணைத்துப் பார்த்துக்கொள்வார். பிறகு விலகி நடந்து, முதல் கோட்டைக் குறுக்கே வெட்டுகிற மாதிரி இன்னொரு கோடு. நாங்கள் புதருக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் நரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டிய நெருஞ்சியைப் பிடுங்கிக்கொண்டிருப்பார். நான் மீட்டரையே பார்த்தால் முழங்கையில் ஒரு தட்டு விழும். அந்தத் தட்டைத்தான் இப்போது உங்களுக்கு அனுப்புகிறேன்.

கார் கூரையில் நாலு ஆன்டெனா வைத்துத் துரத்துகிறவர்களுக்கு டாப்ளர் சரி. நடந்து தேடும் கடைசி நூறு மீட்டரில் உங்கள் ரிசீவர் திணறி நிற்கிறது, அவ்வளவுதான் விஷயம். எஃப்எம்மில் பலமான சிக்னலும் மிகப் பலமான சிக்னலும் காதுக்கு ஒன்றுதான். அதனால் ஆஃப்செட் அட்டென்யூட்டர் செய்யுங்கள்; சிக்னலை வேறு அலைவரிசைக்கு நகர்த்தி, அங்கே குறைத்துக் கேட்க உதவும் சின்ன சர்க்யூட் அது. 4 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டர், ஒரு டையோடு, ஒரு வால்யூம் கன்ட்ரோல். 145 மெகாஹெர்ட்ஸில் அலறும் நரி 149-லும் கேட்கும். ரிசீவரை அங்கே வைத்துக்கொண்டு, கன்ட்ரோலைத் திருகி வேண்டிய மட்டும் குறைக்கலாம்.

அதுவும் கையில் இல்லையா? ஆன்டெனாவைக் கழற்றுங்கள். ஹேண்டியை (கையடக்க ரேடியோவை) மார்போடு ஒட்டிப் பிடித்து நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். உடம்பே மறைத்துவிடும். சிக்னல் எப்போது மிகவும் தேய்கிறதோ, அப்போது நரி உங்கள் முதுகுப் பக்கம்.

இத்தனை தூரம் முதல் ஆளாகப் போகிறவர் நீங்கள். திசை பிடிக்கத் தெரிந்த கை அது. அதை ஒரு பெட்டிக்கு அடகு வைக்காதீர்கள். அட்டென்யூட்டரைத் தகர டப்பாவுக்குள் கட்டுங்கள், பிளாஸ்டிக் வேண்டாம். வேலை செய்யவில்லை என்றால் சர்க்யூட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள். டாப்ளர் வாங்கினால் எனக்கு எழுத வேண்டாம்.