கொழுப்புக் கட்டியை விட்டுவிட்டு, பாலிப்பை மட்டும் எடுப்பது ஏன்?

கேள்வி: அம்மாவின் தோள்பட்டையில் எட்டு வருடமாக 3 சென்டிமீட்டர் அளவுக்கு ஒரு கொழுப்புக் கட்டி இருக்கிறது. "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்கிறார்கள். போன மாதம் சித்தப்பாவின் பெருங்குடலில் 8 மில்லிமீட்டர் பாலிப்பை (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி) பார்த்த உடனேயே எடுத்துவிட்டார்கள். "விட்டிருந்தால் கேன்சராகியிருக்கலாம்" என்றார்களாம். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதை எடுப்பது ஏன் டாக்டர்? கட்டி எப்போதுதான் கேன்சராகிறது?

பதில்: 26 வருடமாக மைக்ராஸ்கோப்பில் கட்டிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. உங்கள் கேள்விக்கான பதிலை நான் தினமும் ஸ்லைடில் தேடுகிறேன் என்றே சொல்லலாம்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது 300 கோடி எழுத்துகள் கொண்ட டிஎன்ஏவை, அதுவும் இரண்டு பிரதிகளை, நகலெடுக்க வேண்டும். பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திவிடும். திருத்த முடியாத செல்லைப் பிரிய விடாமல் தடுப்பதும், தேவைப்பட்டால் சாகவைப்பதும் பி53 என்ற மரபணுவின் பொறுப்பு. மனிதர்களுக்கு வரும் கேன்சர்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

பெருங்குடலில் பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்ற மரபணு. அப்போது பாலிப் முளைக்கும். அப்புறம் கேராஸ், பிறகு பி53 என்று ஒவ்வொன்றாகக் கெட்டு அது கேன்சராக 10 வருடம்கூட ஆகும். எல்லா பாலிப்பும் அந்த வழியில் போவதில்லை. எது போகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாததால்தான் எடுத்துவிடுகிறோம்.

ஸ்லைடில் இது எப்படித் தெரியும்? நல்ல குடல் சுரப்பியில் செல்களின் கருக்கள் அடிவரிசையில் ஒழுங்காக உட்கார்ந்திருக்கும். பாலிப்பில் அவை நீண்டு, கருத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடிக்கும். ஆனாலும் அது இன்னும் கேன்சர் இல்லை. உட்படலத்துக்கு அடியில் மெல்லிய தசைப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதைத் தாண்டி ஒரு சுரப்பி கீழே இறங்கிவிட்டதா என்றுதான் பார்க்கிறேன். அந்தப் பக்கம் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் இருக்கின்றன. அவற்றுக்குள் புகுந்தால் ஈரல்வரை போக வழி கிடைத்துவிடும். ஒருமுறை ஒரு பாலிப்பை மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தபோது 11 வெட்டுகள் சுத்தமாக இருந்தன. 12வது வெட்டில் நாலைந்து செல்கள் மட்டும் அந்தப் பட்டையைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருந்தன. அந்த ஸ்லைடை இன்றும் நான் மறக்கவில்லை.

சரி, அம்மாவின் கட்டிக்கு வருவோம். அதிலுள்ள செல்கள் சாதாரணக் கொழுப்புச் செல்களைப் போலவே இருக்கும். சுற்றிலும் பெரும்பாலும் மெல்லிய உறை இருக்கும். பக்கத்துத் திசுவைத் தள்ளுமே தவிர, துளைத்துக்கொண்டு போகாது. கொழுப்புக் கட்டி கேன்சராக மாறுவது மிக மிக அபூர்வம். திடீரென்று வேகமாக வளர்ந்தாலோ, கல்லாக இறுகினாலோ, வலித்தாலோ, 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

சித்தப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட்டை ஒரு நகல் எடுத்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்த கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) எப்போது என்று முடிவு செய்ய, எத்தனை பாலிப், எந்த வகை, முழுதாக எடுத்தாயிற்றா என்ற விவரமெல்லாம் டாக்டருக்குத் தேவைப்படும்.