மூன்றாவது மேட்ச்சிலேயே மணிக்கட்டு வலிக்கிறது, விளையாட்டை விட்டுவிடவா?

கேள்வி: எனக்கு 21 வயது, இன்ஜினீயரிங் கடைசி வருடம். தினமும் நாலைந்து மணி நேரம் கம்ப்யூட்டரில் வாலரண்ட் என்ற துப்பாக்கிச் சுடும் கேம் ஆடுவேன், சனி ஞாயிறு என்றால் எட்டு மணி நேரம்கூட ஆகும். இரண்டு மாதமாக வலது மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வலி. முதலில் ஆடி முடித்த பிறகுதான் வலித்தது, இப்போது மூன்றாவது மேட்ச்சிலேயே ஆரம்பித்துவிடுகிறது. இரண்டு வாரம் மவுஸைத் தொடவே இல்லை, வலி போய்விட்டது. திரும்ப உட்கார்ந்த அன்றே வந்துவிட்டது. இணையத்தில் தேடினால் கார்ப்பல் டனல், ஆபரேஷன் என்று வருகிறது, பயமாக இருக்கிறது. அம்மா புத்தூர் கட்டு போடலாம், கேமை விட்டுவிடு என்கிறார். அடுத்த மாதம் எங்கள் டீமுக்கு டோர்னமென்ட் இருக்கிறது. (மவுஸ் வேகம் 1600 டி.பி.ஐ., கேமுக்குள் சென்சிட்டிவிட்டி 0.5.) நான் என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: தம்பி, முதலில் அந்த ஆபரேஷன் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீங்கள் சொல்கிற இடத்தை வைத்துப் பார்த்தால் இது கார்ப்பல் டனல் மாதிரித் தெரியவில்லை. அதில் நசுங்குவது மணிக்கட்டின் நடுவே போகிற மீடியன் நரம்பு. அந்த நரம்பு கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி, இவ்வளவுக்குத்தான் உணர்ச்சி தருகிறது, சுண்டுவிரலுக்கு அங்கே வேலையே இல்லை. அது வந்தவர்கள் வலியைவிட மரத்துப்போவதைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள், ராத்திரி இரண்டு மணிக்கு விரலெல்லாம் ஜிவ்வென்று ஆகி, எழுந்து உட்கார்ந்து கையை உதறினால்தான் சரியாகிறது என்பார்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. ஒருவேளை சுண்டுவிரலும் பாதி மோதிரவிரலும் மரத்துப்போனால் மணிக்கட்டை விட்டுவிட்டு முழங்கையைப் பாருங்கள், மேசை விளிம்பில் மணிக்கணக்காக முழங்கையை ஊன்றுகிறவர்களுக்கு அங்கே வேறொரு நரம்பு அழுந்தும்.

உங்களுடையது பெரும்பாலும் தசைநாண் வலி, அதாவது தசையை எலும்போடு இணைக்கிற நாரில் வருகிற வலி. இப்போதே மவுஸைப் பிடித்து, ஆடும்போது எப்படி உட்காருவீர்களோ அப்படியே உட்கார்ந்து, மேலிருந்து உங்கள் கையைப் பாருங்கள். முன்கையும் நடுவிரலும் ஒரே கோட்டில் இருக்கிறதா, இல்லை மணிக்கட்டில் ஒடிந்து கை சுண்டுவிரல் பக்கம் சாய்ந்திருக்கிறதா? மேசை உயரமாக இருந்து நாற்காலி தாழ்ந்திருந்தால் (வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியும் ஸ்டடி டேபிளும் பெரும்பாலும் இப்படித்தான் அமைகின்றன) முழங்கை பக்கவாட்டில் விரிந்துகொள்ளும், முன்கை சாய்வாக வரும், மவுஸை நேராகப் பிடிக்க கை வெளிப்பக்கம் திரும்பியே ஆக வேண்டும். சுண்டுவிரல் பக்கம் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பை ஒட்டி ஒரு தசைநாண் ஓடுகிறது. கை அந்தக் கோணத்திலேயே மணிக்கணக்காக இருந்து, போதாக்குறைக்கு ஒவ்வொரு ஃப்ளிக்குக்கும் (குறியை நோக்கி மவுஸைச் சட்டென்று இழுப்பது) வெட்டி வெட்டித் திரும்பினால் அதுதான் முதலில் புண்படும்.

சரி, இரண்டு வாரம் ஓய்வெடுத்தும் வலி ஏன் திரும்ப வந்தது? உங்கள் கடிதத்தில் முக்கியமான விஷயமே இதுதான். ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தசைநாண் பலமாகாது, சும்மா இருந்தால் இருக்கிற பலமும் கொஞ்சம் குறையும். ஜிம்முக்கு ஒரு மாதம் போகாதவர் திரும்பிப் போன அன்றே பழைய எடையைத் தூக்கினால் என்ன ஆகுமோ அதைத்தான் உங்கள் மணிக்கட்டுக்குச் செய்திருக்கிறீர்கள். அதனால் முழுசாக விடவும் வேண்டாம், வலியோடு முட்டி மோதவும் வேண்டாம், அளந்து ஆடுங்கள், கூடவே அந்த இடத்தைப் பலப்படுத்துங்கள்.

அளப்பது இப்படி. வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். ஆடும்போது மூன்று வரை இருக்கலாம், மறுநாள் காலை எழும்போது பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். காலையில் கூடுதலாக இருந்தால் முந்தைய நாள் அதிகமாக ஆடிவிட்டீர்கள் என்று அர்த்தம், அன்றைக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மேட்ச்சில் வலி வருகிறது என்கிறீர்கள், அப்போது இந்த வாரம் ஒரு நாளைக்கு இரண்டோடு நிறுத்துங்கள், அதுவும் நடுவில் அரை மணி நேரமாவது இடைவெளி விட்டு. சனி ஞாயிறு எட்டு மணி நேரம் என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அப்புறம், எய்ம் டிரெய்னரும் (குறிபார்க்கப் பழகுகிற மென்பொருள்) டெத்மேட்ச்சும் (செத்ததும் உடனே திரும்ப வந்து சுடுகிற ஆட்டம்) கைக்கு மிகக் கடினமானவை. சாதாரண மேட்ச்சில் செத்துப்போனால் ரவுண்டு முடிகிற வரை கை சும்மா இருக்கும், டெத்மேட்ச்சில் அந்த இடைவெளியே கிடையாது. பலர் வலி வந்ததும் மேட்ச்சைக் குறைத்துவிட்டு எய்ம் பயிற்சியைக் கூட்டுகிறார்கள், அது தலைகீழான வேலை. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முன்னால் வருகிற 30 விநாடி பை ஃபேஸில், துப்பாக்கி வாங்கியதும் மவுஸை விட்டுவிட்டுக் கையை மடியில் போட்டு விரல்களை மடக்கி விரியுங்கள். ஒரு மேட்ச்சுக்குக் கிட்டத்தட்ட இருபது தடவை இந்த ஓய்வு கிடைக்கிறது, அதை எல்லோரும் வீணாக்குகிறார்கள்.

கையின் கணக்கில் கேம் மட்டும் இல்லை என்பதையும் பாருங்கள். ரெக்கார்டு நோட்டு எழுதுவது, படுத்துக்கொண்டு ஒற்றைக் கையில் போனைத் தள்ளுவது, பைக்கில் ஆக்ஸிலேட்டரை முறுக்குவது எல்லாம் அதே வலது மணிக்கட்டுதான். ரெக்கார்டு சப்மிஷன் இருக்கிற வாரத்தில் கேமைக் குறைத்தே ஆக வேண்டும்.

உங்கள் சென்சிட்டிவிட்டியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1600 டி.பி.ஐ.யில் 0.5 என்றால் கேமுக்குள் முழுசாக ஒரு சுற்றுச் சுற்ற மவுஸ் 16 செ.மீ. நகர்ந்தால் போதும், பின்னால் திரும்ப 8 செ.மீ. அவ்வளவு சின்ன தூரத்துக்கு முழங்கையும் தோளும் எழுந்தே வராது, எல்லாவற்றையும் மணிக்கட்டே செய்துவிடும். 0.35க்கு இறக்கினால் ஒரு சுற்றுக்கு 23 செ.மீ. ஆகும், அப்போது கை முழுவதும் நகரத் தொடங்கும். தொழில்முறை வீரர்கள் பலர் இதைவிடவும் குறைவாக வைத்துத்தான் ஆடுகிறார்கள். ஒன்றிரண்டு வாரம் குறி தப்பும், ரேங்க் கொஞ்சம் இறங்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். பெரிய மவுஸ்பேட் வேண்டும். நாற்காலியில் தலையணை போட்டாவது முழங்கை மேசை மட்டத்துக்கு வருகிற மாதிரி உட்காருங்கள், கால் தரையில் எட்டாவிட்டால் கீழே ஒரு பலகை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது பயிற்சி, இதைத்தான் எல்லோரும் பாதியில் விடுவார்கள், தயவுசெய்து விடாதீர்கள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, மணிக்கட்டு மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். இடது கையால் தாங்கி வலது கையை மேலே தூக்குங்கள், பிறகு இடது கையை எடுத்துவிட்டு வலது கையை மட்டும் மெதுவாக, மூன்று நான்கு எண்ணிக்கைக்குக் கீழே இறக்குங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து தடவை, அப்படி மூன்று சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். பாட்டில் கனமாகத் தெரிந்தால் பாதித் தண்ணீர் போதும், சுலபமாகிவிட்டால் ஒரு லிட்டருக்குப் போங்கள். இதிலும் வலி மூன்று மார்க்கைத் தாண்டக் கூடாது. வீட்டில் அரிசி வாளி இருக்குமே, சோப்பு போட்டுக் கழுவித் துடைத்த கையை அதில் மணிக்கட்டு வரை விட்டு, விரல்களை விரிப்பதும் மூடுவதும் பக்கவாட்டில் திருப்புவதுமாக ஒரு நிமிடம் செய்யலாம், அம்மாவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தசைநாண் மெதுவாகத்தான் தேறும், தசை மாதிரி இல்லை. வித்தியாசம் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகலாம், நாலாவது நாள் ஒன்றும் தெரியவில்லையே என்று நிறுத்திவிடாதீர்கள்.

புத்தூர் கட்டு வேண்டாம் என்று அம்மாவிடம் நிதானமாகச் சொல்லுங்கள். அது எலும்பு முறிவுக்குப் போடுகிற கட்டு, உங்களுக்கு எலும்பு எதுவும் உடையவில்லை, இறுக்கிக் கட்டி வைத்தால் அந்த இரண்டு வார ஓய்வின் கதைதான் திரும்ப நடக்கும். எண்ணெய் போட்டு உருவி விடுகிறேன் என்று யாராவது வலிக்கிற இடத்திலேயே அழுத்தினால் எரிச்சல் கூடும், முன்கைச் சதையை மென்மையாக நீவுவது பரவாயில்லை. வலி ஜெல் தடவலாம். ஆனால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆட உட்காராதீர்கள், எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்கிற ஒரே குரலை நீங்களே அடைத்துவிடுகிறீர்கள், வயிற்றுக்கும் கெடுதல்.

இதையெல்லாம் ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருக்கும், செலவை நினைத்துத் தள்ளிப்போட வேண்டியதில்லை. ஆறு வாரம் காத்திருக்கவே கூடாத சில நிலைமைகளும் உண்டு. வண்டியிலிருந்து விழுந்து கையை ஊன்றியிருந்தால், கதவுக் குமிழைத் திருப்பும்போது வலியோடு டக்கென்று சத்தம் வந்தால், வீங்கிச் சிவந்து சூடாக இருந்தால், விரல் மரத்துப்போனால், டம்ளர் கைநழுவினால் இந்த வாரமே போங்கள்.

டோர்னமென்ட்டுக்கு வருகிறேன். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்ற கேம் ஆடுகிற ஃபேக்கரைத் தெரிந்திருக்கும். 2023 ஜூலையில் வலது கை வலியால் அவர் கிட்டத்தட்ட ஒரு மாதம் அணியிலிருந்து விலகி இருந்தார், அவர் இல்லாமல் அவருடைய டி1 அணி அடுத்தடுத்துத் தோற்றது, ஆனாலும் காத்திருந்தார்கள். ஆகஸ்டில் திரும்பினார், நவம்பரில் சியோலில் உலகக் கோப்பையை வென்றார்கள். உலகத்திலேயே பெரிய வீரர் வலியை மறைக்காமல் ஒதுங்கி நின்றிருக்கும்போது நீங்கள் உங்கள் டீமிடம் மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு மாதத்தில் நீங்கள் முழுசாகத் தேறிவிடுவீர்கள் என்று என்னால் சொல்ல முடியாது. டோர்னமென்ட்டுக்குப் பத்து நாள் முன்னால், ஒரே நாளில் மூன்று மேட்ச் ஆடிப் பாருங்கள். மறுநாள் காலை மார்க் கூடவில்லை என்றால் ஆடலாம், கூடினால் இந்தத் தடவை வேண்டாம். ஆனால் டீமிடம் அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், ஐந்து பேரோடு ஆறாவதாக ஒரு மாற்று ஆளைச் சேர்த்து உங்கள் இடத்தில் நாலு ஸ்க்ரிமாவது (பயிற்சி மேட்ச்) ஆட வைக்க அவர்களுக்கும் நேரம் வேண்டும் இல்லையா.